இலங்கை ஜனாதிபதியின் அதிகாரமும் அதன் எல்லைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை ஜனாதிபதிக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து. அதன் 30ஆம் உறுப்புரை ஒரே மனிதரை அரசின் தலைவராக, நிறைவேற்றுத்துறையின் தலைவராக, அரசாங்கத்தின் தலைவராக, ஆயுதப்படைகளின் தளபதியாக ஆக்குகிறது. இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையொப்பமிடுபவர். இலங்கையில் அந்த அமைச்சரவைக்கே ஜனாதிபதிதான் தலைவர்.

ஜே.ஆர். ஜயவர்தன இந்தப் பதவியில் அமர்ந்தது 1978 பெப்ரவரி 4. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு செப்டெம்பரில். அதாவது 1972 அரசியலமைப்பைத் திருத்தி முதலில் கதிரையில் அமர்ந்தார், வீட்டைப் பிறகு கட்டினார். மக்கள் வாக்களித்து ஜனாதிபதியைத் தெரிந்த முதல் தேர்தல் 1982 ஒக்டோபரில்தான் நடந்தது.

ஆனால் அதே ஆவணத்தின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களுடையது என்கிறது. மக்களின் நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதி பிரயோகிக்கிறார் என்பது 4ஆம் உறுப்புரை. அதிகாரம் அவருடைய சொத்து அல்ல, அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது என்ற வாதத்துக்கு நீதிமன்றங்கள் பிடித்த நூல் இதுதான். கீழே வரும் தீர்ப்புகளில் பல அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

17, 18, 19, 20, 21 என்று திருத்தங்கள் வந்தனவே, அவை என்ன செய்தன?

ஒன்று கட்டியது, அடுத்தது அவிழ்த்தது. 2001இல் வந்த 17ஆம் திருத்தம் உயர் நியமனங்களை அரசியலமைப்புப் பேரவை ஒன்றின் ஊடாகக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதைக் கலைத்தது. இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடையையும் நீக்கியது. 2015இல் 19ஆம் திருத்தம் பேரவையையும் இருமுறை வரம்பையும் மீட்டுக் கொடுத்தது, பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் பேரவையை மீண்டும் பல்லில்லாமல் ஆக்கியது. 2022 ஒக்டோபரில், அரகலய எனப்பட்ட மக்கள் போராட்டத்துக்குப் பின், 21ஆம் திருத்தம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி வைத்தது.

வாக்கு எண்ணிக்கைகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 19க்கு 212 உறுப்பினர்கள் கை தூக்கினார்கள், 20க்கு 156, 21க்கு 179. அதிகாரத்தைக் குறைக்கவும் கூட்டவும் மறுபடி குறைக்கவும் வாக்களித்தவர்களில் பலர் ஒரே ஆட்கள்.

ஐந்து ஆண்டு விடயத்தில் ஒரு சின்னக் கதை உண்டு. 19ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்த மைத்திரிபால சிறிசேனவே, தான் ஆறு ஆண்டுகள் இருக்கலாமா என்று 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஐந்துதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடரலாமா?

அவர்மீது நேரடியாக முடியாது. 35ஆம் உறுப்புரை, பதவியிலிருக்கும் காலம் முழுவதும், உத்தியோகபூர்வமாகச் செய்ததற்கோ தனிப்பட்ட முறையில் செய்ததற்கோ சிவில் வழக்கும் இல்லை, குற்றவியல் வழக்கும் இல்லை என்கிறது. கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பரில் பதவியேற்றதும், தந்தையின் நினைவு அருங்காட்சியகம் தொடர்பில் அவர்மீது நடந்துகொண்டிருந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது இந்த விடுபாட்டுரிமையால்தான்.

ஆனால் பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று இதற்குள் இருக்கிறது. விடுபாட்டுரிமை ஆளுக்கு உண்டு, அவர் செய்த காரியத்துக்கு இல்லை. 1998இல் சந்திரிகா குமாரதுங்க அவசரகால ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை நிறுத்தினார். கருணாதிலக்க வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அமர்ந்த உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று 1999இல் தீர்த்தது. ஜனாதிபதியைப் பிரதிவாதியாக்க முடியாது. ஆனால் அவருடைய கட்டளையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன்படி நடக்கும் அதிகாரி, அந்தக் கட்டளை சட்டப்படி சரியானது என்று நிரூபித்தாக வேண்டும். என் கணிப்பில், இலங்கை நிர்வாகச் சட்டத்தில் இதைவிடப் பயனுள்ள தீர்ப்புகள் குறைவு.

19ஆம் திருத்தம் இதை எழுத்திலேயே வைத்தது: ஜனாதிபதி உத்தியோகபூர்வமாகச் செய்த எதற்கும் எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். போரும் சமாதானமும் பிரகடனம் செய்யும் அதிகாரம் மட்டும் விலக்கு. 20ஆம் திருத்தத்தின் வரைவு இந்த வாசலை அடைக்கப் பார்த்தது. அதற்கு மக்கள் கருத்துக்கணிப்பு (சர்வசன வாக்கெடுப்பு) வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இப்போதும் திறந்திருக்கிறது.

2018இல் பாராளுமன்றக் கலைப்பை நீதிமன்றம் எப்படி இரத்துச் செய்தது?

2018 ஒக்டோபர் 26 இரவு சிறிசேன ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9ஆம் திகதி வர்த்தமானி மூலம் பாராளுமன்றத்தைக் கலைத்தார்.

அப்போதிருந்த 70ஆம் உறுப்புரைப்படி முதல் நாலரை ஆண்டுகளுக்குள் கலைக்க வேண்டுமென்றால் பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கேட்க வேண்டும். அரச தரப்பு வேறொரு பிரிவைக் காட்டியது. பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 33ஆம் உறுப்புரை பொதுவாகச் சொல்கிறதே, அது தனி அதிகாரம் அல்லவா என்பது வாதம். இரா. சம்பந்தன் முதல் மனுதாரர்களில் ஒருவர். தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினராகவே இருந்த பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூலும் மனுத் தாக்கல் செய்தார். ஏழு நீதியரசர்கள் டிசெம்பர் 13 அன்று ஒருமித்துச் சொன்னார்கள்: 33 அதிகாரத்தின் பெயரைச் சொல்கிறது, 70 அதைப் பயன்படுத்தும் வழியைச் சொல்கிறது, வழியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற பெயரில் அந்தத் தீர்ப்பு இன்று சட்ட மாணவர்களின் பாடம்.

இதற்கிடையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இன்னொரு வேலை நடந்தது. 122 பாராளுமன்ற உறுப்பினர்கள் ரிட் மனுப் போட்டு, எந்த அதிகாரத்தில் மகிந்த பிரதமர் பதவி வகிக்கிறார் என்று கேட்டார்கள். டிசெம்பர் 3ஆம் திகதி அவரும் அவருடைய அமைச்சரவையும் இயங்க இடைக்காலத் தடை விழுந்தது. ஜனாதிபதியைத் தொடாமலேயே அவர் நியமித்தவரை நிறுத்திய வழி அது. டிசெம்பர் 16 ரணில் மீண்டும் பதவியேற்றார்.

இன்றைய நிலை வேறு. 20ஆம் திருத்தம் வந்ததிலிருந்து முதல் இரண்டரை ஆண்டுகளுக்கே அந்தப் பாதுகாப்பு. தற்போதைய பாராளுமன்றம் முதலில் கூடியது 2024 நவம்பர் 21. ஆகவே 2027 மே மாதத்துக்கு முன் ஜனாதிபதி தன் விருப்பில் மட்டும் கலைக்க முடியாது.

அவசரகால நிலையைப் பிரகடனம் செய்துவிட்டால் எதையும் செய்யலாமா?

தமிழர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1983இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, இடையில் சில விடுபடல்களோடு, நாடு அவசரகாலத்தின் கீழேயே இருந்தது.

அடிப்படைச் சட்டம் 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பிரகடனம் ஒரு மாதம் நிற்கும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் விழுந்துவிடும். அதன் கீழ் ஜனாதிபதி ஆக்கும் ஒழுங்குவிதிகள் எந்தச் சாதாரண சட்டத்தையும் மேவும், அரசியலமைப்பைத் தவிர. நீதிமன்றத்தில் இதைக் கேள்விக்குட்படுத்தக் கூடாது என்ற வாசகமும் அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனாலும் நீதிமன்றம் உள்ளே போயிருக்கிறது.

அப்படிப் போன மிகப் பெரிய வழக்கு வடக்கு கிழக்கு இணைப்பு. இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக வந்த 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், ஆயுதங்கள் கையளிக்கப்பட்டு மோதல்கள் நின்றுவிட்டன என்று ஜனாதிபதி திருப்தியடைந்தால் இரு மாகாணங்களையும் இணைக்கலாம் என்றது. 1988 செப்டெம்பரில் ஆயுதமும் முழுதாகக் கையளிக்கப்படவில்லை, மோதலும் நிற்கவில்லை. ஜே.ஆர். என்ன செய்தார்? அவசரகால ஒழுங்குவிதி ஒன்றை ஆக்கி அந்த நிபந்தனையையே தளர்த்தினார், பிறகு இணைப்பைப் பிரகடனம் செய்தார். கிழக்கில் நடத்த வேண்டிய மக்கள் கருத்துக்கணிப்பை அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகள் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2006 ஒக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் இணைப்புப் பிரகடனம் செல்லாது என்றது. அவசரகால ஒழுங்குவிதி பொதுமக்கள் பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் உரியது, மாகாண எல்லையை மாற்றும் கருவி அல்ல என்பது காரணம். 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன.

சட்டத் தர்க்கமாக மட்டும் பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். நிறைவேற்று அதிகாரத்தின் எல்லையைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறது. ஆனால் அந்த எல்லை 18 ஆண்டுகள் கழித்து, அந்தத் தருணத்தில், அந்தப் பிரகடனத்துக்கு நினைவுக்கு வந்தது ஏன் என்ற கசப்பு தமிழர்களிடம் இருக்கிறது. பாராளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்றி இணைத்திருக்கலாம். எந்த அரசாங்கமும் அதைச் செய்யவில்லை.

அண்மைய உதாரணம் வேறு திசையிலானது. 2022 ஜூலை 17 அன்று பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் செய்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவரில் இருவர் பெரும்பான்மையாகத் தீர்த்தார்கள். பிரகடனம் எப்போதோ முடிந்துவிட்டது, போராட்டக்காரர்களும் கலைந்துவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் மூன்று ஆண்டு கழித்து வந்தது.

ஜனாதிபதி யாருக்கும் பொதுமன்னிப்பு வழங்கலாமா?

34ஆம் உறுப்புரை அதிகாரம் தருகிறது, வழிமுறையும் தருகிறது. மரண தண்டனைக் கைதி என்றால் வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை பெற வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும், பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வர வேண்டும்.

2021 ஜூனில் கோட்டாபய, பாரத லக்ஷ்மன் பிரேமசந்திர கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவை விடுதலை செய்தார். 2022 மே மாதம், கோட்டாபய இன்னும் பதவியில் இருக்கும்போதே, உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் முற்றாக இரத்துச் செய்தது. ஆளுக்குத்தான் காப்பு, காரியத்துக்கு இல்லை என்ற விதி இங்கேயும் வேலை செய்தது. அதே ஆண்டு ஜூனில் றோயல் பார்க் கொலைக் கைதிக்குச் சிறிசேன 2019இல் கொடுத்த மன்னிப்பும் விழுந்தது. அதற்குள் அந்தக் கைதி நாட்டைவிட்டே போயிருந்தார்.

மிருசுவில் விடயம் இந்த வரிசையில் மறக்கக் கூடாதது. 2000 டிசெம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்குக்குள் இருந்தபோது, கோட்டாபய அவரை விடுவித்தார். இந்த மன்னிப்புக்கு எதிராகவும் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. துமிந்த சில்வா தீர்ப்பு வைத்த அளவுகோல் இதற்கும் பொருந்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வெளிநாட்டு உடன்படிக்கைகளில் ஜனாதிபதி கையொப்பமிட்டால் போதுமா?

நாட்டைச் சர்வதேச அரங்கில் கட்டுப்படுத்த அது போதலாம், உள்நாட்டுச் சட்டத்தை மாற்றப் போதாது. சிங்கராசா வழக்கு இதற்குச் சாட்சி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட அவர், ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டு 2004இல் சாதகமான முடிவு பெற்றார். அப்படி முறையிடும் வழியைத் திறந்தது 1997இல் சந்திரிகா அரசு இணைந்த, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் விருப்புரிமை நெறிமுறை. 2006இல் உயர் நீதிமன்றம், அப்படி இணைந்ததே ஜனாதிபதியின் வரம்பை மீறியது, சட்டவாக்க அதிகாரமும் நீதித்துறை அதிகாரமும் அவருடையவை அல்ல என்றது. ஜனாதிபதியின் அதிகாரம் குறுக்கப்பட்டது, ஆனால் அதனால் இழந்தவர் சிறையில் இருந்த ஒரு தமிழர். இணைப்பு வழக்குக்கும் இதற்கும் இடையே ஒரு மாதம்தான்.

பிரதம நீதியரசரையும் பொலிஸ் மா அதிபரையும் ஜனாதிபதி தன் இஷ்டத்துக்கு நியமிக்கலாமா?

இல்லை. பிரதம நீதியரசர், உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர்கள், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர், கணக்காய்வாளர் நாயகம் ஆகியோருக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். தேர்தல், மனித உரிமை, இலஞ்ச ஊழல் போன்ற ஆணைக்குழுக்களுக்குப் பேரவையின் விதந்துரை வேண்டும். சபாநாயகர் தலைமையில் பத்துப் பேர். அவர்களில் மூவர் பாராளுமன்றத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள்.

பேரவை இருந்தாலே போதாது என்பதை 2024 காட்டியது. தேசபந்து தென்னக்கோனைப் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப் பேரவையில் நான்கு பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, இருவர் நடுநிலை. நடுநிலையை எதிர்ப்பாகக் கணக்கிட்டுச் சபாநாயகர் தன் தீர்மானிக்கும் வாக்கைப் போட்டார். தேவை ஐந்து வாக்கு என்று மனுதாரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜூலையில் அவர் கடமையாற்ற இடைக்காலத் தடை வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது.

மாகாண ஆளுநர்?

ஜனாதிபதியே நியமிப்பார், ஜனாதிபதி விரும்பும்வரை இருப்பார். பேரவைக்கு இதில் வேலையில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரே மாகாணத்தை நடத்தியதால், ஜனாதிபதியின் அதிகாரம் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு மிகக் கிட்டத்தில் தெரிவது இந்த இடத்தில்தான்.

ஜனாதிபதியைப் பதவி நீக்க முடியுமா?

காகிதத்தில் முடியும். அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, துரோகம், இலஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் போன்ற காரணங்களைக் காட்டிப் பிரேரணை கொடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினர் கையொப்பமிட வேண்டும்; பாதிப் பேர் மட்டும் கையொப்பமிட்டால், குற்றச்சாட்டு விசாரணைக்குரியது என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பிறகு 150 வாக்குகளோடு நிறைவேறி, உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் கண்டு, மீண்டும் 150 வாக்குகள் விழ வேண்டும்.

1991இல் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் பிரேமதாசவுக்கு எதிராக முயன்றார்கள். சபாநாயகர் எம்.எச். முஹம்மத் முதலில் ஏற்றார். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் செல்லுபடியான கையொப்பங்கள் போதவில்லை என்று பிரேரணை தள்ளப்பட்டது. 2022இல் கோட்டாபய போனது இந்த உறுப்புரையால் அல்ல, தெருவில் நின்ற மக்களால். மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து இராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஜூலை 20 அன்று பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தெரிந்தது.

பதவி போன பிறகு?

விடுபாட்டுரிமையும் போய்விடும். பதவியில் இருந்த காலம் வழக்குக்கான காலக்கெடுவில் சேர்க்கப்படாது என்பதும் 35ஆம் உறுப்புரையிலேயே உண்டு.

2008இல் பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் காணி விவகாரத்தில் சந்திரிகா 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2023 ஜனவரியில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியது தொடர்பான வழக்கில் சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட உத்தரவிடப்பட்டது. தவணை தவணையாகக் கட்டினார். அதே ஆண்டு நவம்பரில் கோட்டாபயவும் சகோதரர்கள் மகிந்த, பசில் ஆகியோரும் பொருளாதார நெருக்கடி விடயத்தில் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்க்கப்பட்டது. அங்கே மனுதாரர்களுக்குக் கிடைத்தது வழக்குச் செலவு மட்டும். 2025 ஆகஸ்டில் ரணில், 2023இல் லண்டன் பயணத்துக்கு அரச பணத்தைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நான்கு நாளில் பிணை கிடைத்தது. குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் நிரூபிப்பது அரசின் பொறுப்பு.

வீடு, வாகனம், செயலாளர் கொடுப்பனவு போன்றவை 1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. 2025 செப்டெம்பர் 10 அன்று 151க்கு 1 என்ற வாக்கில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, மறுநாளே மகிந்த விஜேராம வீட்டைவிட்டு வெளியேறினார். ஓய்வூதியம் தொடர்கிறது, அது அரசியலமைப்பில் இருப்பதால்.

சாதாரண ஆள் நான் மனுத் தாக்கல் செய்யலாமா?

செய்யலாம். பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ சட்டத்தரணி மூலமோ உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஒரு மாதத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள், ஆகவே வர்த்தமானி வந்த நாளையே குறித்து வையுங்கள். பிரதிவாதி ஜனாதிபதி அல்ல, சட்டமா அதிபர். நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. மேலே உள்ள திகதிகளைப் பார்த்தால் அது எந்தளவுக்கு நடக்கிறது என்று தெரியும். அதனால் இடைக்காலக் கட்டளையைக் கேட்டுப் பெறுவதில்தான் நல்ல சட்டத்தரணியின் திறமை இருக்கிறது. 2018இலும் 2022இலும் 2024இலும் நிலைமையை உண்மையில் மாற்றியவை இடைக்காலக் கட்டளைகளே.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க என்ன வேண்டும்?

பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டும் மக்கள் கருத்துக்கணிப்பும். 83ஆம் உறுப்புரை கருத்துக்கணிப்புக் கேட்கும் பட்டியலில் 4ஆம் உறுப்புரை பெயர் சொல்லி இல்லை. ஆனால் 3ஐயும் 4ஐயும் நீதிமன்றம் சேர்த்தே வாசிப்பதால், ஜனாதிபதியிடமிருந்து நிறைவேற்று அதிகாரத்தை முழுதாக எடுப்பதென்றால் மக்களிடம் போகாமல் முடியாது. 1994இல் சந்திரிகா ஒழிப்பேன் என்றார், 2015இல் சிறிசேனவும் அதையே சொல்லி வந்தார். 2024இல் அநுரகுமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தியும் புதிய அரசியலமைப்பு வாக்குறுதியோடு வந்தது. தேவை 150 ஆசனம், அவர்களிடம் 159 இருக்கிறது.